கை துடைக்காத கல்லறைத் திருநாள்

கடல் இப்போது நிற்கிற இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரம் அப்பால் நின்ற காலத்தில், உப்பந்துறை என்கிற ஊரில் எஸ்தாக்கி என்று ஒரு குசினிக்காரர் இருந்தாராம். சாமியார் பங்களாவில் சமையல் வேலை. அவர் தன் பெண்டாட்டி மதலேனை உயிரோடு கடைசியாகப் பார்த்தது, கல்லறைத் தோட்டத்து மேற்கு மதில்மேல் ஏறி நின்றுதான் என்று சொல்வார்கள்.

மதிலுக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கத்தில் ஒரு நாட்டு வாதாமரம். மரத்தடியில் ஓர் ஓலைக் கொட்டகை. கொட்டகைக்குள் பேதி கண்டவர்கள் கிடந்தார்கள்.

அந்த வருஷம் ஊரில் வாந்திபேதி. பழைய சாமியார்தான் முதலில் போனார். வேறு சாமியார் வருவதற்குள் ஊரைப் பட்டங்கட்டி கையில் எடுத்துக்கொண்டார். ஊர்த் தலைவருக்கு அந்தக் கரையில் பட்டங்கட்டி என்று பேர். சந்தக்குரூஸ் பட்டங்கட்டி என்றால் கடலில் போகிற தோணியும் பாய் இறக்குமாம். அவர் சொன்னார்: "நோவு கண்டவன் எவனா இருந்தாலும் மதிலுக்கு அந்தாண்ட போகணும். போனவன் திரும்பப்படாது. செத்தா அங்கனயே மண்ணு."

அப்படியே செய்தார்கள். தகப்பனைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தான் மகன். அக்காளை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள் தங்கச்சி. வந்தவர்கள் கடலில் இறங்கித் தலை முழுகிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள். கொட்டகையிலிருந்து "தண்ணி, தண்ணி" என்று சத்தம் வரும். காற்று மேற்கிலிருந்து அடித்தால் ஊருக்குள் கேட்கும். கேட்டால் என்ன செய்வார்கள்? கதவைச் சாத்துவார்கள். பலாப்பழத்தில் ஈ மொய்க்கிற மாதிரி அந்தக் கொட்டகையில் ஈ மொய்த்ததாம். அந்த ஈ பறந்து வந்து சோற்றில் உட்காருமே என்று மட்டும் கவலைப்பட்டார்களாம்.

மதலேனுக்குத் தாங்கவில்லை. அவளுக்கு நோவு ஒன்றும் இல்லை. ஒரு பானைத் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு மதிலின் உடைசல் வழியாக அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். எஸ்தாக்கி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஆள் வந்து சொன்னபோது அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். போனவள் போனவள்தான். பட்டங்கட்டியின் ஆட்கள் உடைசலில் முள் வைத்து அடைத்துவிட்டார்கள்.

எஸ்தாக்கி மதில் ஏறினார். அவள் மரத்தடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்து வாதாங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளையோ. அதற்கு ஒரு பருப்பு ஊட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்திட்டீரா? குசினியில யாரு இருக்கா?"

"ஏளா, என்ன காரியம் செஞ்சிட்டே?"

"தண்ணி கேட்டாங்க. குடுத்தேன். இதுல என்ன காரியம்? சாப்பிட்டீரா?"

"இல்ல."

"அப்ப இந்தாரும். பிடியும்."

ஒரு பருப்பை எறிந்தாள். அவர் கையில் வந்து விழுந்தது. வெள்ளையாக, ஈரமாக இருந்தது. பேதிக்காரர்களைத் தொட்ட கை உடைத்த பருப்பு. அவர் பருப்பைக் கீழே போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாராம்.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சரி, நீரு போம்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த தடவை அவர் மதில் ஏறினபோது அவள் இல்லை. மண் புதிதாக இருந்தது.

நோவு விட்டது. கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். மதிலின் உடைசலைக் கட்டிச் சுண்ணாம்பு அடித்தார்கள். புதுச் சாமியார் வரப்போகிறார் என்று சேதி வந்ததும் பட்டங்கட்டி ஊரைக் கோயிலுக்குள் கூட்டினார்.

"ஞானஸ்நானம் வாங்கின சனத்தை மணியும் இல்லாம மந்திரமும் இல்லாம மண்ணுல தள்ளியிருக்கோம். வாற சாமிக்குத் தெரிஞ்சா கோயிலைப் பூட்டிட்டுப் போயிருவாரு. அந்தாண்ட கெடக்கிறதெல்லாம் வழிப்போக்கன், பரதேசி. நம்ம ஆளு ஒருத்தனும் இல்ல. என்ன சொல்லுதிய?"

"அப்படியே ஐயா."

"அந்தோனியார் மேல கை வச்சுச் சத்தியம் பண்ணு. வாயைத் தொறந்து சொன்னவன் செத்தா அவன் பெட்டியை ஊருல ஒருத்தனும் தூக்கப்படாது."

ஒவ்வொருவராக வந்து அந்தோனியார் சுரூபத்தின் காலில் கை வைத்தார்கள். எஸ்தாக்கியும் வைத்தார். அவர் ஏன் வைத்தார் என்று கேட்பவர்கள் உண்டு. பருப்பைக் கீழே போட்ட கை அது. அந்தக் கைக்கு வேறு என்ன தெரியும்?

புதுச் சாமியார் வந்தார். இத்தாலி தேசத்துக்காரர். பேர் லொரென்சோ. ஊர்ச்சனம் லோரஞ்சு சாமி என்றது. ஒல்லியான ஆள், நீள மூக்கு, தமிழைப் புத்தகத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தவர். "எஸ்தாக்கியே, இம்மீன் யாது?" என்று கேட்பாராம். "சாளை சாமி" என்றால், "சாளையே, நீ வாழ்க" என்று சொல்லிவிட்டுத் தின்பாராம். நல்ல மனிதர். சொன்னதை நம்புகிற மனிதர். மதிலுக்கு அப்பால் கிடப்பவர்கள் வழிப்போக்கர்கள் என்று சொன்னார்கள். நம்பினார்.

கல்லறைத் திருநாள் நெருங்கியது. சாமியார் குசினிக்கு வந்து அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"எஸ்தாக்கியே, எமது ஊரில் அந்நாளில் ஒரு பலகாரம் சுடுவர். வாதுமை, சீனி, முட்டையின் வெண்கரு. விரல்போல் உருட்டிச் சுடுவர். அதற்கு இறந்தோர் எலும்பு என்று பெயர்."

"எலும்பா சாமி?"

"அஞ்சாதே. இனிப்பான எலும்பு."

சீமை வாதாம் கொழும்பிலிருந்து கப்பலில் வந்தது. ஊற வைத்துத் தோல் உரித்து, உரலில் இடித்து, நுரைக்க அடித்த வெள்ளைக்கருவில் சீனியோடு பிசைந்து, எலுமிச்சந்தோல் சீவிப் போட்டு, விரல் விரலாக உருட்டித் தட்டில் அடுக்கச் சாமியார் சொல்லிக் கொடுத்தார். அடுப்பில் கனல், மூடிமேல் கனல். நடுவில் பலகாரம். வெந்து வந்தபோது வெளியே மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று இருந்தது. எஸ்தாக்கி ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தார். நாக்கு ஒத்துக்கொண்டது.

திருநாளன்று பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சிலுவைக்கு அடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு சாமியார் நின்றார். "உங்கள் வீட்டில் இறந்தோர் பெயரை உரக்கச் சொல்லுங்கள். ஒரு பெயருக்கு ஓர் எலும்பு. உண்டு, அவர்களுக்காகச் செபியுங்கள்" என்றார். இறந்தோர் எலும்பு என்ற பேரைக் கேட்டு ஊர் சிரித்தது.

அன்றைக்கு வந்த கூட்டத்தை நினைத்தால் இப்போதும் குமட்டும். முதல் ஆள் வாயில் போட்டு மென்றான். கண் விரிந்தது. அவ்வளவுதான், ஊருக்குச் செத்தவர்கள் பெருகிவிட்டார்கள். பாட்டன், பூட்டன், பாட்டனுக்குப் பாட்டன். ஒரு வருஷமும் மெழுகுவர்த்தி ஏற்றாதவன் ஓட்டனுக்கு ஓட்டன் பேரைச் சொல்லிக் கை நீட்டினான். ஒருத்தி தன் தாய்மாமன் பேரைச் சொன்னாள். தாய்மாமன் வரிசையில் அவளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏட்டி, நான் இன்னும் சாவலையே!"

"சும்மா கெடயும் மாமா. உமக்கும் ஒண்ணு வாங்கித் தாரேன்."

பட்டங்கட்டி வந்தார். பட்டு அங்கவஸ்திரத்தை மடியாக விரித்துப் பிடித்தார். பேர்களைக் கொட்டினார். சாமியார் எடுத்து எடுத்து வைத்தார். பட்டங்கட்டி தின்றுகொண்டே சொன்னார், சொல்லிக்கொண்டே தின்றார். விரலை ஒவ்வொன்றாக வாயில் விட்டு உறிஞ்சினார். அவருடைய தம்பி ரபேல் மதிலுக்கு அப்பால் கிடந்தான். அவன் பேர் மட்டும் அந்த வாயில் வரவில்லை.

கடைசியில் எஸ்தாக்கி நின்றார். சுட்டவர் அவர்தானே, கடைசியில்தானே நிற்க முடியும்?

"மதலேன்" என்றார்.

சாமியார் கை தாம்பாளத்துக்குப் போயிற்று. அதற்குள் பட்டங்கட்டி குறுக்கே வந்தார். "சாமி, அது கணக்குல வராது. அவ சாகல. இவனை விட்டுட்டு எவன்கூடவோ ஓடிப்போயிட்டா. சரக்குத் தோணியில ஏறிப் போனதை ஊரே பாத்துது. இல்லியாப்பா?"

ஊரைப் பார்த்தார் எஸ்தாக்கி. ஊர் மென்றுகொண்டிருந்தது. சாகும் முன்னே மதலேன் கையால் தண்ணீர் குடித்தவர்களின் தாயும் தகப்பனும் அங்கேதான் நின்றார்கள். இன்னாசியம்மாள் என்கிறவள் மட்டும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாளாம். அவளுடைய அக்காளுக்கு மதலேன்தான் கடைசித் தண்ணீர் கொடுத்தவள்.

சாமியார் இரக்கத்தோடு எஸ்தாக்கியின் தோளைத் தட்டினார். "அவள் திரும்புவாள் என்று செபிப்போம்" என்றார்.

திரும்புவாளாம். எஸ்தாக்கி குசினிக்குப் போய்த் தட்டுகளைக் கழுவினார். அன்றிலிருந்து அவருக்கு ஊரில் யார் முகத்தைப் பார்த்தாலும் எச்சில் ஊறுமாம், துப்புவதற்கு. அவர்கள் வீட்டு முற்றம் நாறுகிறது என்பார். அவர்கள் பிடித்த மீன் நாறுகிறது என்பார். தன் கையை மோந்து பார்த்துக்கொள்வார், அதுவும் நாறியது. செத்தவளைச் சாகவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓடிப்போனவளாக ஆக்கிவிட்டார்கள். அவளை எப்படியாவது மதிலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். அவள் பேரை அந்தச் சிலுவையடியில் சொல்ல வேண்டும். அதற்கு வழி தெரியாமல் அவர் வருஷம் முழுக்கச் சோறாக்கினார்.

அடுத்த கல்லறைத் திருநாள் வந்தது. கொழும்பிலிருந்து வாதாம் தகரமும் வந்தது. எஸ்தாக்கி மூடியைத் திறந்தார். உள்ளே நூலாம்படை கட்டியிருந்தது. கையை விட்டால் பருப்பெல்லாம் மாவாக உதிர்ந்தது. மாவுக்குள் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. கவிழ்த்துக் கொட்டினார். கோழிகள் ஓடி வந்தன.

சாமியார் முற்றத்தில் நின்று தலையில் கை வைத்தார். நின்ற இடத்திலிருந்து மதிலுக்கு மேலே பார்த்தார். மதிலுக்கு மேலே மரம் தெரிந்தது. அந்த வருஷம் அது காய்த்த காய்ப்பு, அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லையாம். இலை சிவந்து, கிளை தாழ்ந்து, பழம் பழமாகத் தொங்கியது.

"எஸ்தாக்கியே, அம்மரம் யாது?"

"நாட்டு வாதாம் சாமி."

"வாதுமையா! தோட்டத்து ஓரத்தில் வாதுமையை வைத்துக்கொண்டு கப்பலுக்கா காத்திருந்தோம்? அதன் பருப்பு நஞ்சோ?"

"இல்ல சாமி. தின்னலாம். சின்னதா இருக்கும். ருசியாத்தான் இருக்கும்."

"எனில்?"

எனில் என்ன சொல்வது? சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால்? எஸ்தாக்கி கொட்டை பொறுக்க ஓர் ஓலைக் கடகத்தை எடுத்துக்கொண்டார். தெரிந்தே செய்தாரா, சாமி சொன்னார் என்று செய்தாரா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் கடகத்தை எடுத்தவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதில் எல்லாருக்கும் ஒரே பேச்சுத்தான்.

மதில் ஏறி அந்தப் பக்கம் குதித்தார். நோவு விட்ட பிறகு அங்கே ஒரு மனிதக் கால் பட்டதில்லை. மண் அங்கங்கே உள்வாங்கிக் கிடந்தது. நண்டு வளை தோண்டியிருந்தது. வளை வாயில் ஒரு துணிக்கந்தல் வெளியே வந்து கிடந்தது. கரிந்த ஓலை நாற்றம் இன்னும் போகவில்லை. ஒரு பானையின் கழுத்து மட்டும் உடைந்து கிடந்தது. அது அவர் வீட்டுப் பானை. மரத்தடியில் அந்தத் தட்டைக் கல்லும் அப்படியே இருந்தது.

மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்தார். உட்கார்ந்து, வௌவால் போட்ட கொட்டைகளைப் பொறுக்கினார். அவளுடைய கல்லில் வைத்து உடைத்தார். ஒரு கொட்டைக்குக் குச்சி போல ஒரு பருப்பு. ஒரு தாம்பாளம் பலகாரத்துக்கு எத்தனை பருப்பு வேண்டும்? காலையில் உட்கார்ந்தவர் வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்தாராம். உடைக்க உடைக்கப் பேசினாராம். "இது நீ எறிஞ்சது. இதை நான் கீழ போட்டேன். இது நீ எறிஞ்சது. இதையும் நான் கீழ போட்டேன்." மதிலுக்கு இந்தப் பக்கம் ஆடு மேய்த்தவள் ஒருத்தி கேட்டாளாம்.

உரலில் இடித்தார். எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தது. குமட்டிக்கொண்டே இடித்தார். குமட்டிக்கொண்டே பிசைந்தார். விரல் விரலாக உருட்டினார். மூடிமேல் கனல் போட்டார். வாசனை வந்தது பாருங்கள், அது கப்பல் வாதாமில் வராத வாசனை. தெருவில் போன பட்டங்கட்டி நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏல எஸ்தாக்கி, எலும்பு வெந்திட்டா?"

"வெந்திட்டு ஐயா."

"போன வருசம் எனக்குப் பத்தல. இந்த வருசம் பெருசா உருட்டுல."

"உருட்டியிருக்கேன் ஐயா. உங்களுக்குன்னுதான் உருட்டியிருக்கேன்."

திருநாள் வந்தது. பூசை முடிந்தது. சிலுவையடியில் தாம்பாளம். ஊர் முழுக்க வரிசை. போன வருஷத்துப் பாட்டன்மார் எல்லாரும் மறுபடி செத்தார்கள். புதிதாகச் சிலரும் செத்தார்கள். தாய்மாமன் இந்தத் தடவை தானே தன் பேரைச் சொல்லி ஒன்று வாங்கிக்கொண்டார். வாங்கினவர்கள் நகராமல் நின்று தின்றார்கள். கல்லறைகள்மேல் தூள் சிந்தியது. பட்டங்கட்டி மடி நிறைய வாங்கி, வாய் நிறையப் போட்டு, விரலை உறிஞ்சினார்.

"சாமி, போன வருசத்தை விட ருசி! கொழும்புச் சரக்கா, இல்ல உங்க ஊருச் சரக்கா?"

சாமியாருக்கு மகிழ்ச்சி. மார்பை நிமிர்த்திக்கொண்டார். "கொழும்பும் அன்று, எமது ஊரும் அன்று. உங்கள் ஊர் வாதுமை! அதோ, மதிலுக்கு அப்பால் நிற்கிறதே, அம்மரம்."

எல்லா வாயும் நின்றது.

காற்று மேற்கிலிருந்து அடித்தது. மதிலுக்கு மேலே மரம் அசைந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு கையில் இருந்ததைப் பார்த்தார்கள். ஒருத்தி தூவென்று துப்பினாள். ஒருவன் தொண்டைக்குள் விரலை விட்டான். ஒருவன் மண்ணை அள்ளி நாக்கைத் தேய்த்தான். சேலைத் தலைப்பால் பிள்ளைகளின் வாயைத் துடைத்தார்கள். துடைத்த தலைப்பைத் தூர எறியவும் முடியாமல் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பூப் போட்டு அலங்கரித்த கல்லறைகள்மேல் ஊர் குனிந்து நின்று வாந்தி எடுத்தது. பேதி வந்த வருஷத்தில் கூட இத்தனை பேர் ஒன்றாக வாந்தி எடுத்ததில்லை என்பார்கள்.

பட்டங்கட்டி பட்டு அங்கவஸ்திரத்தை உதறினார். பலகாரம் தெறித்தது. கையைப் பட்டில் துடைத்தார், மறுபடி துடைத்தார். எஸ்தாக்கியைப் பார்த்துக் கத்தினார். "பாவி! சண்டாளப் பயலே! பொணத்தைத் தின்ன வச்சிட்டியேல!"

சாமியார் திகைத்தார். "எந்தப் பிணம்? வழிப்போக்கர் கிடக்கும் மண் அது. அதற்கு ஏன் இப்படி?"

எஸ்தாக்கி வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்தவர் அல்லவா? ஆனால் வாந்தி எடுக்கிற வாய்க்குச் சத்தியம் ஏது? இன்னாசியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து அலறினாள்.

"வழிப்போக்கனா? எங்க அக்கா கெடக்கா அங்க! எங்க அக்கா திரேசாவைத்தானே நான் தின்னிருக்கேன்! ஐயோ, தண்ணி கேட்டாளே, கதவைச் சாத்தினேனே!"

ஒரு வாய் திறந்தால் போதாதா? "எம் மவன் கெடக்கானே!" "எங்க அப்பனைப் போட்டேனே!" வயிற்றிலிருந்து வந்ததோடு பேர்களும் வந்தன. சொல்லாதே என்று பட்டங்கட்டி கத்தினார். யார் கேட்டார்கள்? அவருடைய பெண்டாட்டியே அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒம்ம தம்பி ரபேலைச் சொல்லும். சொல்லித் தொலையும். அவன் காலைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனவரு நீருதானே?"

லோரஞ்சு சாமிக்கு முகம் செத்துப் போயிற்று. தன் பாஷையில் என்னவோ சொன்னார். பிறகு ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "மதலேன் என்பவள்?"

இன்னாசியம்மாள்தான் சொன்னாள். "அவ ஓடிப்போகல சாமி. நாங்க சாத்தின கதவுக்கெல்லாம் பதிலா அவ ஒருத்தி தண்ணி எடுத்துட்டுப் போனா. அங்கனதான் கெடக்கா."

எஸ்தாக்கி தாம்பாளத்தண்டை வந்தார். அதில் கொஞ்சம் மீதி இருந்தது. ஊர் முழுக்க வாயைத் துடைத்துக்கொண்டு பார்த்தது. அவர் ஒன்றை எடுத்தார். சத்தம் போட்டுச் சொன்னார்.

"மதலேன்!"

வாயில் போட்டார். மென்றார். நிதானமாக மென்றார். விழுங்கினார். விரலில் தூள் ஒட்டியிருந்தது. கை தானாக வேட்டிக்குப் போயிற்று. பாதியில் நிறுத்தினார். கையை விரித்தபடியே தொங்கவிட்டுக்கொண்டு, அப்படியே நின்றாராம்.

இன்னாசியம்மாள் எழுந்து வந்தாள். மூக்கும் வாயும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்து, "திரேசா" என்று சொல்லி வாயில் போட்டாள். ஓங்கரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். எஸ்தாக்கியைப் பார்த்தாள். அவளும் கையைத் துடைக்கவில்லை.

பிறகு ஒருவர், பிறகு ஒருவர். பேர் சொல்லி எடுத்தார்கள். அன்றைக்குத்தான் அந்த ஊரில் பொய்ப் பேர் ஒன்றும் இல்லையாம். பட்டங்கட்டியின் பெண்டாட்டி ரபேலுக்காக எடுத்தாள். மீதியில் ஒன்று சாமியாருக்கு வந்தது. "எனக்கு இங்கே சொல்வதற்குப் பெயர் இல்லை" என்றாராம். "இறந்தோர் எலும்பு என்று நான் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள்" என்றாராம். தின்றார். அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு மதில் ஏறினார். மதிலில் சிக்கி அங்கி கிழிந்தது. அந்தப் பக்கம் குதித்தார். மந்திரம் சொல்கிற சத்தம் கேட்டது. ஊர் இந்தப் பக்கம் முழங்காலில் நின்று மறுமொழி சொன்னது. பொழுது போகும் வரைக்கும் சொன்னார்களாம்.

பட்டங்கட்டி மட்டும் நிற்கவில்லை. தோட்டத்து வாசல் வழியாகப் போய்விட்டார். சாகும் மட்டும் அவர் இனிப்பைத் தொடவில்லை. கிராம்பை மென்று மென்று துப்பிக்கொண்டே இருப்பாராம். "இன்னும் வாய் நாறுது" என்பாராம். நாறத்தான் செய்யும்.

மதிலை என்ன செய்வது என்று சாமியார் ஒருவரையும் கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்து மேற்கு மதிலில் முதல் குத்துக் குத்தினார். மிச்சத்தை ஊர் இடித்தது. மரத்தைச் சுற்றி, மண் உள்வாங்கின இடத்தையெல்லாம் சுற்றி, புது மதில் எழுப்பிப் பழைய மதிலோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மதலேன் மதிலுக்கு இந்தப் பக்கம் வந்தது அப்படித்தான். அவள் நடந்து வரவில்லை, மதில் அவளைத் தாண்டிப் போயிற்று.

எஸ்தாக்கி செத்தபோது பட்டங்கட்டி வீட்டிலிருந்து ஆள் வந்து, சத்தியம் நினைவிருக்கிறதா என்று கேட்டானாம். "அவரு எங்கல சொன்னாரு? வாந்தி எடுத்துச் சொன்னது நாங்கல்லா" என்று சொல்லி, இன்னாசியம்மாள் பெட்டியின் ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டாள். அந்தக் கரையில் பெண்பிள்ளை பெட்டி தூக்கியது அதுதான் முதல்.

அதனால்தான் உப்பந்துறைக்காரர்கள் கல்லறைத் திருநாளில் எலும்புப் பலகாரத்துக்குக் கடை வாதாம் வாங்குவதில்லை. நாட்டு வாதாங்கொட்டையைப் பொறுக்கி, ஆளுக்குக் கொஞ்சம் உடைத்துக் கொடுப்பார்கள். சிலுவையடியில் நின்று பேர் சொல்லித் தின்பார்கள். எல்லாருடைய பேரும் முடிந்த பிறகு, கடைசிப் பலகாரத்தை யாராவது ஒருவர் எடுத்து, "மதலேன்" என்பார். அவளுக்கு அந்த ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை, எஸ்தாக்கிக்குப் பிள்ளையும் இல்லை. தின்ற பிறகு ஒருவரும் கை துடைப்பதில்லை. வேட்டியிலும் இல்லை, சேலையிலும் இல்லை. சின்னப் பிள்ளை தெரியாமல் துடைக்கப் போனால், பக்கத்தில் நிற்பவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

மரம் ஒரு புயலில் சாய்ந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மதில் நேராக வந்து, ஓர் இடத்தில் வெளியே வளைந்து, மறுபடி நேராகப் போகிறது. வளைவுக்குள் சிலுவை ஒன்றும் நட்டிருக்கவில்லை. ஒரு தட்டைக் கல் கிடக்கிறது. அதன் நடுவில், கொட்டை உடைத்து உடைத்து விழுந்த ஒரு குழி இருக்கிறது.